அயல்வீடு அதிராத அடித்தளம்

அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்பர் நம் முன்னோர். விடாமுயற்சியைப் புகழ எழுந்த அப்பழமொழி, எங்கள் கூடுவாஞ்சேரியில் வேறொரு பொருளில் மெய்யாயிற்று. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு மாடக்கட்டடத்திற்கு நிலவறை தோண்டினர். மண் சரியாதிருத்தற்பொருட்டு எஃகுத் தகடுகளை நிலத்துள் நட்டுச் சுவர்போல் நிறுத்துவது வழக்கம். இதனைப் பைலிங் என்பர் தொழிலாளர். அத்தகடுகளின் தலையில் பெருஞ்சம்மட்டிப் பொறியொன்று காலைமுதல் மாலைவரை ஓங்கி ஓங்கி அடித்தது. மூன்றாம் நாள் என் பாட்டியார் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் மயிரிழை போலொரு விரிசல் தோன்றிற்று. ஒரு திங்களுள் அது நிலைவாயிலினின்று உத்தரம் வரை ஏறிற்று. முறையிட்டபோது, "வீடு பழையது" என்னும் ஒரே விடை கிடைத்தது.

பழமை குற்றமாமோ? முதியவர் அருகில் நடப்போன் மெல்ல நடத்தலன்றோ முறை? பழைய வீடு பக்கத்திலிருப்பது கூடுதற் கவனத்திற்குக் காரணமேயன்றி, கவனமின்மைக்குச் சாக்காகாது.

வேறு வழியில்லை என்பாரும் உளர். வழி உண்டு. ஜப்பான் தேசத்துக் கோச்சி நகரில், இத்தொழிலையே செய்துவந்த கித்தமுரா அக்கியோ என்பார், 1975-ஆம் ஆண்டில் அடியாது அழுத்தும் பொறியொன்றை உருவாக்கினார். முன்னரே நிலத்துட் சென்ற தகடுகளை அப்பொறி இறுகப் பற்றிக்கொள்ளும். அவற்றை மேலெழவொட்டாமல் மண் பிடித்திருக்கும் வலிமையையே துணைக்கொண்டு, அடுத்த தகட்டைத் திரவ அழுத்தத்தால் மெல்ல இறக்கும். பின்னர்த் தான் நிறுத்திய தகடுகளின் மீதே ஊர்ந்து முன்செல்லும். அடி இல்லையாதலின் பேரோசை இல்லை. நிலநடுக்கமும் இல்லையென்னுமளவிற்குக் குறையும்.

செலவு மிகும் என்பது ஒரு தடை. மெய்தான். ஆயினும் சம்மட்டியால் மிஞ்சும் பணம் யாருடையது? அயலான் சுவரைச் செப்பனிடும் செலவு கட்டுவோன் கணக்கில் ஏறாமையாலன்றோ அது மலிவாகத் தோன்றுகிறது? பாறை இடைப்படும் என்பது மற்றொரு தடை. பல்லாவரம் முதலிய நம் பக்கத்துக் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் வன்பாறையாலானவை. வெறும் அழுத்தம் அங்குச் செல்லாது. அத்தகைய இடங்களில் முதலில் துளையிட்டு, அதன்பின் அழுத்தும் முறையும் உண்டு.

இனிச் சட்டத்தை நோக்குவோம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரை அமைதிப்பகுதி வகுத்து, அங்கே பகலில் 50 டெசிபெலும் இரவில் 40 டெசிபெலுமே எல்லையென்கின்றன. ஆனால் அவை செவிக்குக் காவல், சுவருக்குக் காவலல்ல. ஜப்பானியரோ 1976-ஆம் ஆண்டிலேயே அதிர்வுக்கெனத் தனிச்சட்டம் இயற்றினர்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபின், இப்பெருஞ்சாலையின் இருமருங்கும் கட்டடங்கள் விரைந்தெழுகின்றன. அவை எழுக; நாம் வேண்டாமென்றிலம். ஆயின், வேலை தொடங்குமுன் அயல்வீட்டுச் சுவர்களைப் புகைப்படமெடுத்துப் பதிவு செய்க. அதிர்வளக்கும் கருவியை அச்சுவரடியில் வைக்க. எல்லை மீறின் அடியை நிறுத்துக. பழைய வீடும் பள்ளியும் மருத்துவமனையும் அருகிருப்பின் அழுத்தும் முறையையே கொள்க. கட்டட அனுமதியோடு இந்நான்கும் நிபந்தனையாதல் வேண்டும் என்பதே என் துணிபு.

பாட்டியார் அவ்விரிசலின்மீது நாட்காட்டியொன்றை மாட்டி மறைத்துள்ளார். நாம் மறைத்தல் தகாது.