முத்துக்குளித்துறையும் வேதவாசிப்பும்

நமது கல்லூரியில் வேதபாடத் தேர்வு ஆண்டுதோறும் ஒழுங்காய் நடைபெறுகின்றது. பரிசுகளும் ஒழுங்காய் வழங்கப்படுகின்றன. அதுபற்றி நமக்கு மனக்குறை யாதுமில்லை. ஆயினும், பரிசு பெற்ற மாணவர் விடுமுறைக்கு வீடு சென்றபின், அவ்வேதத்தில் ஓர் அதிகாரத்தையேனும் தம் பாட்டியாருக்கு வாசித்துக் காட்டுகின்றனரோ என்று வினவுவோமாயின், பெரும்பாலார் மௌனஞ் சாதிப்பர். காலையிற் கைப்பேசியில் வந்து சேரும் ஒரு வசனத்தைக் கண்டு, அதனை நால்வருக்கு அனுப்பிவிட்டு, அன்றைய வேதவாசிப்பு முடிந்ததென எண்ணும் வழக்கமும் நம்மிடையே மிகுந்துவிட்டது. இக்கரையின் பழைய வழக்கம் இதுவன்று.

1542-ஆம் ஆண்டில் சவேரியார் இம்முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பரதவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனரெனினும், அவர்களுக்கு உபதேசிப்பார் எவரும் இல்லை. சவேரியார் இருமொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கற்பனைகள் முதலியவற்றைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடஞ் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராய் நடந்தார். சிறுவரைக் கூட்டிக் கற்பித்ததோடு அமையாது, அவர்கள் கற்றதைத் தம் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் வீட்டிலே கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். பிள்ளைகளே அக்காலத்து உபதேசிமார் என்னலாம்.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544-இல் தம் துணைவருக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் அதனைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லின் பொருட்டு அவர் கொண்ட கவலையை நாம் வியக்கின்றோம். (அதுகாறும் கடவுள் தமக்கு 'வேணும்' என்று சொல்லி வந்த ஏழை மக்களின் வாய்மொழி வீணாய்ப் போயிற்றென்று கூற நாம் துணியோம்.)

அவருக்குப்பின் அன்றீக்கு அடிகளார் தமிழை முறையாய்க் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலை அச்சிட்டார். 1600-இல் மரித்த அவரது சரீரம் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் அந்நூல் ஞானோபதேசமேயன்றி வேதாகமமன்று. புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது 1715-இல், தரங்கம்பாடியில். ஆகவே, ஏறக்குறைய 170 ஆண்டுகள் இக்கரையார் அச்சிட்ட சுவிசேஷம் ஒன்றும் கையில் இன்றி, செவியால் கேட்டதையும் வாயால் சொன்னதையும் கொண்டே பிழைத்தனர். இன்றோ வீட்டுக்கு நான்கு வேதபுத்தகம் உண்டு; உரத்து வாசிக்கும் குரல் ஒன்றுமில்லை.

மத்தேயு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், நல்ல முத்துக்களைத் தேடிய வியாபாரியின் உவமை வருகின்றது. அதனை வேறெவ்வூரார் எவ்வாறு வாசிப்பினும், தூத்துக்குடியார் வியாபாரியை மட்டும் நினைத்து வாசித்தல் தகாது. 1961-ஆம் ஆண்டோடு நமது கடலில் முத்துச் சலாபம் நின்றுவிட்டது. ஆயினும் அது நடந்த விதத்தைக் கூறும் முதியோர் இன்னும் உளர். கல்லைக் காலிற் கட்டி இறங்குபவர் ஒருவர். தோணியில் நின்று கயிறு பிடிப்பவர் மற்றொருவர். கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாயிருத்தல் வேண்டும், தன் உடன்பிறந்தாளின் தாலியை எண்ணி அவன் கைதளரான் என்பது இங்கு வழங்கும் பேச்சு. தனியே இறங்கியவர் எவருமிலர். மேலே வந்த சிப்பியையும் உடனே திறந்து முத்தெடுப்பதில்லை. குவித்து வைத்து, சதை அழுகுமட்டும் நாட்கணக்காய்க் காத்து, அந்நாற்றத்தைப் பொறுத்து, கழுவித் தேட வேண்டும். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமிராது. நாளுக்கொரு வசனம் பொறுக்குவோர், எடுத்த சிப்பியிலெல்லாம் முத்தை எதிர்பார்க்கின்றனர். வம்ச வரலாற்று அட்டவணைகளையும் லேவியராகமத்தையும் கடந்துபோகப் பொறுமையற்றவருக்கு ரூத்தின் சரித்திரமும் முழுதாய் விளங்காது. வயல் அறுப்பில் சிந்தியதை எளியோருக்கு விட்டுவிடும்படி கட்டளையிட்டது லேவியராகமமே யன்றோ?

கூட்டாய் வாசித்தலில் இடர் ஒன்று உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. இராமுழுதும் வலைவீசி ஒன்றும் அகப்படாத சீமோனின் கதையைக் கடலோடி ஒருவர் முன் வாசித்தால், அவர் நமக்கு வியாக்கியானஞ் செய்வார். நாம் கேட்டிருக்க வேண்டும். கூலிக்காரரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதென்று யாக்கோபு எழுதியதை, உப்பளத்தில் வெயிலில் நின்று கால்வெடித்தவர் முன்னிலையில் உரத்து வாசிப்பது எளிதன்று. உப்பளம் உடையவர் வீட்டில் வாசிப்பது அதனினும் அரிது. அறைக்குள் தனித்திருந்து வாசிப்போர் அவ்வதிகாரத்தை மெல்லத் தாண்டிச் செல்லலாம். கேட்பவர் எதிரே அமர்ந்திருக்கத் தாண்ட இயலாது. ஆதலினாலேயே இவ்வழக்கத்தை நாம் வற்புறுத்துகின்றோம்.

பழைய மொழிபெயர்ப்பின் நடை இளைஞர்க்கு விளங்கவில்லை யென்பது ஒரு முறையீடு. அதில் உண்மையுண்டு. 1871-இன் திருப்புதல் முதியோர் நாவிற் படிந்தது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு இளையோர்க்கு இலகுவானது. இரண்டையும் அருகருகே வைத்து, பாட்டியார் ஒன்றிற் சொல்லவும் பேரன் மற்றொன்றில் வாசிக்கவும் தடையென்ன? சொல் வேறுபடும் இடத்தில் வீட்டில் ஒரு பேச்சு எழும். அப்பேச்சையே நாம் வேண்டுகின்றோம்.

வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி மாணவர் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். மாற்கு சுவிசேஷம் போதும், 16 அதிகாரங்களே. இரவு உணவுக்குப்பின் ஒன்று வீதம், வாசிக்கத் தெரியாதவர் ஒருவரேனும் அருகிருக்க வாசிக்க. அவர்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு வருவார்க்கு, அடுத்த ஆண்டு மலரில் இடமளிக்க ஆசிரியர் குழுவினர் இசைந்துள்ளனர்.