சேற்று நத்தையின் ஒட்டியாணம்

கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ பரங்கிப்பேட்டைக்குப் போகும் நேயர்கள், கடல்நீர் வற்றிய வேளையில் வெள்ளாற்றுச் சேற்றைக் குனிந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்தில், கூர்ங்கொம்பு போன்ற நத்தைகள் கூட்டங்கூட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும். சுற்றுக்குச் சுற்று மணி கோத்தாற்போன்ற புடைப்புகள். 1791-ல் ஜெர்மானியப் பண்டிதர் கிமெலின் இதற்குச் 'சிங்குலேட்டா' என்று நாமகரணம் செய்தார். லத்தீனில் கச்சை அணிந்தது என்று பொருள். நம் பெண்மணிகள் ஒட்டியாணம் என்றே சொல்வார்கள்!

முதிர்ந்த நத்தைக்குத்தான் வாயின் வெளியுதடு தடித்து விரியும், இளசுகளுக்கு இராது. அவற்றை வேறு ஜாதியென்று எண்ணிவிட்டால் கழிமுகத்தின் கணக்கே பிசகிப்போகும். ஓட்டின் உருவம் பெரியவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. மரமேறும் 'செரிதிடியா' கூட்டத்தில் நெடுங்காலம் வைத்திருந்த இச்சேற்றுவாசியை, மரபணுவையும் ஆராய்ந்தபின் பிரித்தெடுத்தார்கள். 2016-ல் வெளியான ஆராய்ச்சிப்படி இது 'பைரனெல்லா'. பழைய புத்தகம் வைத்திருக்கும் மாணாக்கர்கள் திருத்திக்கொள்ளட்டும்.