ஒரு மார்க் மண்டகப்பட்டு

பி.காம். படித்தவனுக்கு வரலாறு எதற்கு ஸார்? பற்றும் வரவும் டேலி ஆனால் போதாதா? போன மாசம் வரை நானும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தேன். மச்சினி வந்து கெடுத்தாள்.

மாமனார் வீடு திண்டிவனம். மச்சினி அங்கே பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு பி.எட். படிக்கிறாள். டீச்சிங் பிராக்டிஸுக்கு அவளைப் போட்டது விழுப்புரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆகவே ஜாகை எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையோடு வந்து இறங்கினாள். பையில் துணிமணி கம்மி. மீதியெல்லாம் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல்.

"மாமா, ஆறாங்கிளாஸுக்குப் பல்லவர் எடுக்கணும். ஒரு மகேந்திரவர்மன் வரைஞ்சு குடுங்களேன்!"

எனக்குத் தெரிந்த ஒரே ராஜா சீட்டுக்கட்டு ராஜாதான். அவரையே பார்த்து வரைந்து, மீசையைக் கொஞ்சம் தூக்கலாக முறுக்கிவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம எலெக்ட்ரிக் கடை அண்ணாச்சி எதுக்குக் கிரீடம் வச்சிருக்காரு?" என்றாள். கலைஞனுக்கு வீட்டில் மரியாதை கிடையாது.

மச்சினி ராத்திரி பன்னிரண்டு மணி வரை பாடத்திட்டம் எழுதினாள். கட்டம் கட்டமாக நோட்டு. ஒரு கட்டத்தில் டீச்சர் கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்துக் கட்டத்தில் 'மாணவரிடம் எதிர்பார்க்கும் விடை'.

"ஏம்மா, கேள்வியும் நீயே எழுதி, அவன் சொல்லப்போற பதிலையும் நீயே எழுதிட்டா, அப்புறம் பையன் எதுக்கு?"

"மாமா, தூங்கப் போங்க."

போகிற போக்கில் அவளுடைய ஆசிரியர் தகுதித் தேர்வு கைடைப் புரட்டினேன். இரண்டாம் தாளுக்கு மொத்தம் 150 மார்க். அதில் சமூக அறிவியலுக்கு மட்டும் 60. சும்மா ஒன்று கேட்டு வைத்தேன். "செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில்?"

"மண்டகப்பட்டு!" சோடா பாட்டில் திறந்த வேகத்தில் வந்தது பதில். ஒரு மார்க் பாக்கெட்டில்.

மறுநாள் சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தாள். காபியைத் தொடவில்லை. மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

வகுப்பில் மண்டகப்பட்டு பேரைச் சொன்னதும் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்திருக்கிறான். "மிஸ், அது எங்க அத்தை ஊரு! செஞ்சி பஸ்ல போனா வரும். பாறைக்குள்ள கோயில். ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் கல்லுலயே நிக்கிறாங்க. நீங்க பார்த்திருக்கீங்களா மிஸ்?"

எதிர்பார்க்கும் விடை கட்டத்தில் இது இல்லை. பின்னால் மார்க் போடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார்.

"நீ என்னம்மா சொன்னே?"

"இது பாடத்துல இல்ல, உக்காருன்னுட்டேன் மாமா. உக்காந்துட்டான். அப்புறம் பெல் அடிக்கற வரைக்கும் அவன் வாயையே திறக்கல."

மார்க் போட்டவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'வகுப்புக் கட்டுப்பாடு: நன்று.'

எனக்குக் கிண்டல் வரவில்லை. என் ஸ்கூல் ஞாபகம் வந்தது. எந்த ஸாருக்கு வேலை இல்லையோ அவருக்கு சோஷியல் பீரியட். புத்தகத்தில் கோடு போடு, மனப்பாடம் பண்ணு, ஒப்பி. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியலுக்குத் தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த ஆசிரியரைத் தயார் பண்ணுகிறபோது கையில் கைடைக் கொடுத்தால் மட்டும் போதுமா? ஒரு நாள் பஸ்ஸிலும் ஏற்றிவிட வேண்டாமா?

சனிக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி ரோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் ஏழாம் நூற்றாண்டு வந்துவிட்டது. பாறையில் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் குடைந்த அறைகள். மூன்றும் காலி. பையன் சொன்ன வாயிற்காவலர்கள் இரண்டு பேரும் டியூட்டியில் இருந்தார்கள். தூணில் ராஜாவின் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்ற பட்டப் பேரில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்தேன் என்கிறார்.

மச்சினி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். திடீரென்று, "மாமா! இல்லாம செஞ்சேன்னு இவ்வளவு பெருமையா சொல்றாருன்னா, அதுக்கு முன்னாடி கோயிலெல்லாம் செங்கல்லயும் மரத்துலயும்தானே கட்டியிருப்பாங்க?" என்றாள்.

கைடில் இது கிடையாது ஸார். அவளே கண்டுபிடித்தது. ஒரு மார்க் கேள்விக்குள்ளே இவ்வளவு நாளாக ஒரு கோயில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது!

திரும்பும்போது வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தாள். செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைத்தாச்சு. திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒரு கல்லூரிக்கே கணக்கு வைத்திருக்கிறது. மாணவர் 340, ஆசிரியர் 14. கணக்கு என்றதும் நான் விழித்துக்கொண்டேன். ஓர் ஆசிரியருக்குச் சுமார் 24 பேர். ஆறு முதல் எட்டு வரை நம் சட்டம் சொல்வது 35. சோழர் ஆடிட்டிங்கில் பாஸ்!

திங்கட்கிழமை அவள் முதல் வேலையாகக் கடைசி பெஞ்ச் பையனை எழுப்பி, "நீ சொன்னது சரி. அன்னிக்கு நான் பார்த்ததில்ல. சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்தேன். நீ வந்து சொல்லு" என்றிருக்கிறாள். அவன் சொல்ல, இன்னொரு பெண் மரக்காணம் உப்பளத்தைச் சொல்ல, ஆளாளுக்கு அவரவர் ஊரை இழுத்துக்கொண்டு வர, பாடத்திட்டம் பாதியில் நின்றுவிட்டது.

"மார்க் போட ஆள் வராத அன்னிக்குத்தான் மாமா நான் நல்லா நடத்தினேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அது கிடக்கட்டும்மா. என் சார்ட் எப்படி?"

"அதையும் அந்தப் பையன்தான் கேட்டான் மாமா. 'மிஸ், இந்த சீட்டுக்கட்டு ராஜா எந்தப் பாடம்?'னு!"