முதலில் தெரிந்தவள்

நம் சங்கத்தின் சார்பில் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிற பெண்களில் நானும் ஒருத்தி. ஊரிலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வருகிற பெண்களுக்கு இந்தி பிடிபட இரண்டு வருடமாவது ஆகிறது. அதற்குள் முதல் பிரசவம் வந்துவிடும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை.

போன வருடம் ஒரு பெண். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐந்தாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. அன்று நான் போகவில்லை. ஆலோசகர் இந்தியில் சொல்ல, தமிழில் சொன்னவர் கூட வந்த மாமியார்! அவளுக்குத் தெரியுமுன் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவே கணவன் அடித்திருக்கிறான். வயிற்றில் படாமல் கையால் மறைத்ததில் முழங்கை வீங்கியிருந்தது. "எவன்கிட்டயிருந்துட்டி வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். அவன் தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேயில்லை.

என் ஆத்திரமே இதுதான். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் மனைவிக்குத்தான் முதலில் சோதனை. முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் என்று ஆகிவிடுகிறது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கிருமி கண்ட பெண்களில் பெரும்பாலோர் ஒரே ஆணோடு வாழ்ந்தவர்கள், வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள்.

2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டாக்டரும் ஆலோசகரும் தவிர வேறு ஆஸ்பத்திரிப் பணியாளர் எவரும் கணவனிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அடிப்பான், கைவிடுவான் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், அந்த இருவரும்கூடச் சொல்லக்கூடாது. நல்ல சட்டம்தான். மாமியாரே மொழிபெயர்ப்பாளர் ஆனால் சட்டம் என்ன செய்யும்?

அடி உடம்போடு நிற்பதில்லை. பயத்தில் அவள் மாத்திரைகளை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். இரண்டு வாரம் விழுங்கவேயில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இத்தகைய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். முறையாக மாத்திரை சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே. பிறந்த பிள்ளைக்கும் ஆறு வாரமாவது சொட்டு மருந்து கொடுக்கவேண்டும். பத்துக்குப் பத்து அறையில், யார் கண்ணிலும் படாமல் எப்படிக் கொடுப்பாள்?

நம் பெரியவர் ஒருவரிடம் முறையிட்டேன். "குடும்ப விஷயம், அனுசரித்துப் போகச் சொல்லுங்கம்மா" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை அவர் மகளுக்குச் சொல்வாரா?

நான் கேட்பது பெரிதல்ல. மாமியாரையோ நாத்தனாரையோ மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். துணைக்கு வர இன்னும் நான்கைந்து பெண்களாவது பெயர் கொடுங்கள். மனைவியை முதல் தடவை கூட்டிப்போகும் நாளிலேயே கணவரும் ரத்தம் கொடுத்துவிடட்டும். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, அடி உதை என்றால் 181. இரண்டும் இலவச எண்கள்.

அந்தப் பெண் இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். ஆறாம் வாரச் சோதனையில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று வந்தது. பதினெட்டு மாதம் வரை பார்க்கவேண்டுமாம். கணவன் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை.