அந்தமானில் இளவேனில் எப்போது?

பிப்ரவரி வந்தால் தமிழில் ஒரு வகைத் தோட்டக் குறிப்பு தலைகாட்டுகிறது: இளவேனில் தொடக்கத்தில் வீட்டில் செய்ய வேண்டிய பணிகள். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைத் தட்டில் ஊன்றி வெயில் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டும். குளிர் விலகியதும் நாற்றுகளைச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்கி நட வேண்டும். குறிப்பில் இலக்கணப் பிழை இருக்காது. நடையும் சரளமாகவே இருக்கும். ஆயினும் அதை நம்பித் தெற்கு அந்தமானில் ஒருவர் விதைத்தால் பெரும்பாலும் அவருக்கு மிஞ்சுவது வெறுந்தட்டு. இதைத் தோட்டக்கலை அறியாமை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இது மொழிபெயர்ப்பின் பொறுப்பின்மை.

முதற்பிழை ஒரே சொல்லில் இருக்கிறது. ஆங்கிலேயரின் ‘ஸ்பிரிங்’ என்பதற்கு இளவேனில் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஐரோப்பியத் தோட்டக்காரர் விதைத்தட்டை எடுக்கும் காலமோ தமிழில் பின்பனி. எனவே சொல்லை நம்புபவர் சித்திரையில் விதைப்பார். மாதத்தை நம்புபவர் மாசியில் விதைப்பார். அந்தமானில் இருவருமே தோற்பார்கள்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர், ஏறத்தாழக் கடலூரின் அட்சரேகையிலேயே இருக்கிறது. அங்கே வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, மாறுவது மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெரும்பாலும் மே முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி. மாசியில் விதைத்தவரின் நாற்று நடவுக்கு வரும் பங்குனியில், தனிக்காரி அணை இறங்கிக் குழாய்நீர் முறைவைத்து வரும். குடிக்கவே அளந்து எடுக்கும் வீட்டில் நாற்றுக்கு எதை ஊற்றுவது? சித்திரையில் விதைத்தவரின் செடி வேரூன்றி நிற்பதற்குள் மே மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பருவமழை இறங்கிவிடும். நாற்றழுகலும் பாக்டீரிய வாடலும் தம் வேலையைப் பார்க்கும். தப்பியதை இரவில் ஆப்பிரிக்கப் பெருநத்தை மேய்ந்துவிடும்.

இந்த இடத்தில் மரபுப் பற்றாளர் எழுந்து, அதனால்தான் முன்னோர் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் என்பார். அவரது மகிழ்ச்சியும் நீடிக்காது. அந்தப் பழமொழி ஆற்றில் புதுநீர் வரும் காலத்தையும், ஆவணி புரட்டாசி மழையை எதிர்நோக்கும் மானாவாரி நிலத்தையும் அறிந்து பிறந்தது. அந்தமானில் ஆடி என்பது கொட்டும் மழையின் நடுப்பகுதி. அப்போது திறந்த பாத்தியில் தக்காளி விதைப்பது விதையை ஓடையில் விடுவதற்குச் சமம். ‘இங்கே’, ‘இப்போது’ போன்ற சுட்டுச் சொற்கள் சொல்பவர் நிற்கும் இடத்தைக் கொண்டே பொருள் தரும் என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். பட்டம் என்பதும் அத்தகைய சொல்லே. இடத்தை உரித்துவிட்டால் அதில் அறிவு தங்காது. ஓசை மட்டுமே தங்கும்.

தீவுக்கு உரிய நாட்காட்டி இல்லாமல் இல்லை. நெல் அறுவடைக்குப் பின் மண்ணில் மிஞ்சும் ஈரத்தைக் கொண்டு காய்கறி செய்வது அங்கு வழக்கம். வீட்டுத் தோட்டத்துக்கும் அதே தருக்கம் பொருந்தும். ஐப்பசி இறுதியில் மழைமறைப்பின் கீழ் நாற்று விட்டு மார்கழியில் நட்டால், தண்ணீர் குறையும் முன் வேர் இறங்கியிருக்கும். பங்குனிக்குள் காய் கைக்கு வரும். பலமுறை நீரில் அலசிய தென்னைநார்த் துகளும் மட்கிய எருவும் கலவைக்குப் போதும். அடியில் துளையிட்ட கொட்டாங்குச்சியே நாற்றுக் கிண்ணம். வாடல் நிலைத்த மண்ணில் சுண்டையின் வேர்ப்பகுதி மீது கத்தரியை ஒட்டலாம். 1978-இல் போர்ட் பிளேயரில் தொடங்கப்பட்டு இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அமைப்பு, வாடலைத் தாங்கும் கத்தரி வகை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நீர் தேங்கிய நிலங்களில் அகன்ற மேட்டுப்பாத்தி முறையைப் பரப்பியும் இருக்கிறது. மழையில் கொத்தமல்லி அழுகும் இடத்தில் பர்மா தனியா நிழலிலேயே தழைக்கிறது. அச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பெயரில் நிற்பது பர்மா. தீவின் சொல் செடி வந்த வழியைச் சொல்கிறது. மொழிபெயர்த்த குறிப்போ தான் வந்த வழியை மறைக்கிறது.

அனுபவமுள்ளவர் தாமே திருத்திக்கொள்வார், இதற்கா இத்தனை சினம் என்று கேட்கப்படலாம். அனுபவமுள்ளவருக்குக் குறிப்பே தேவையில்லை. அதைத் தேடிப் படிப்பவர் முதல்முறை விதைப்பவர். 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கட்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரின் வழிவந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஒருமுறை தோற்றவர் குறிப்பைக் குறை கூறமாட்டார். இந்த மண்ணில் காய் வராது என்று முடிவு கட்டுவார். பிறகு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் தக்காளிக்குக் காத்திருப்பார். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் அதுவும் இல்லை. அகராதியில் நேர்ந்த பிழைக்கு அடுக்களை விலை கொடுக்கிறது.

எந்த இடத்துக்கும் எந்த இடமும் ஈடாகும் என்ற எண்ணம் தோட்டக் குறிப்போடு நிற்பதில்லை. பெரிய நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் திட்டத்துக்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்க்கலாம் என்று முன்மொழியப்பட்டதை நாடறியும். மழைக்காட்டுக்கு வறள்நிலத்துக் கன்று ஈடு என்று கணக்கெழுதுவதும், ‘ஸ்பிரிங்’குக்கு இளவேனில் ஈடு என்று மொழிபெயர்ப்பதும் அளவில் வேறு, சிந்தனைப் பழக்கத்தில் ஒன்று.

தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் இதில் செய்ய வேண்டியது அதிகம். கலைச்சொல் ஆக்கம் என்பது ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. போர்ட் பிளேயர், கட்சல், சின்ன அந்தமான் வீட்டுத் தோட்டங்களில் விதைப்புக்கும் மழைக்கும் நோய்க்கும் மக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுப்பது கள ஆய்வுக்குத் தகுதியான பணி. அதுவரை குறைந்தபட்ச ஒழுங்கு ஒன்றையேனும் ஏற்கலாம்: எந்த ஊர், எந்த மழை, எந்தத் தண்ணீர் என்ற மூன்றையும் முதல் வரியில் சொல்லாத தோட்டக் குறிப்பை எவரும் தமிழில் வெளியிட வேண்டாம்.