ரெண்டு ஜாக்கியும் முதல் பேச்சும்

முதலில் ஒரு டிஸ்கி. இது சூதாடச் சொல்லும் பதிவு இல்லை. காசு வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது. அதற்குப் பணம் போக வழிவிடக்கூடாது என்று எங்களை மாதிரி பேங்க்காரர்களுக்கும் அதே சட்டத்தில் உத்தரவு உண்டு. புனேயில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது புளியங்கொட்டை போக்கர். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் புளியில் சேர்த்து வைத்த கொட்டை :-)

இந்த ஆட்டம் வீட்டுக்குள் வந்த கதை அவ்வளவு சிரிப்பானதல்ல. 2024ல், செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கொடுத்த பணத்தில் 38,000 ரூபாயை பையன் ஒரு ஆப்பில் போக்கர் ஆடித் தொலைத்துவிட்டான். தங்கமணி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கத்தவேண்டியதைக் கத்தி முடித்தபின், "எல்லாம் பேட் லக்குப்பா" என்றான். இருபது வருஷமாக "மார்க்கெட் சரியில்ல சார்" என்று சொல்லும் வாராக்கடன் ஆசாமிகளைப் பார்த்தவன் நான். "ஸ்டேட்மெண்டை எடுடா" என்றேன்.

அந்த ஆப் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருந்தது. பி.காம். படித்த புத்தி, உட்கார்ந்த இடவாரியாகப் பிரித்தேன். கடைசியில் பேசும் இடத்தில் அவன் கிட்டத்தட்ட கையைக் கடிக்காமல் தப்பித்திருந்தான். முதலில் பேசவேண்டிய இடங்களில்தான் ஓட்டை. அதிலும் மோசமான சீட்டில் இல்லை. நல்ல சீட்டில்! (ப்ளைண்ட் கட்டும் ரெண்டு இடத்திலும் உலகத்தில் எல்லாருக்கும் நஷ்டம்தான், கட்டாயக் காசு ஆச்சே. அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

ஒரு சாம்பிள். கையில் ரெண்டு ஜாக்கி, கிளாவரும் டைமனும். ப்ளைண்ட் 25, 50. இவன் 150க்கு ஏற்ற, பட்டனில் இருப்பவன் மட்டும் கால். நடுவில் 375 ரூபாய். விழுந்த மூன்று சீட்டு: இஸ்பேட் 9, இஸ்பேட் 7, டைமன் 4. இப்போதைக்கு இவன் கைதான் பெரும்பாலும் மேலே. ஆனால் பார்க்காத 47 சீட்டில் ராணி, ராஜா, ஏஸ் 12. மிச்ச இஸ்பேட் 8. ஆக 20 சீட்டு வயிற்றைக் கலக்கும். (இஸ்பேட் ஜாக்கி வந்தால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும்.) அதனால் "இப்பவே முடிச்சிடணும்" என்று 375ஐயும் வைத்தான். அவன் 1,100 ஆக்கினான். இவன் மிச்சம் இருந்த அத்தனையும். எதிராளியிடம் மூன்று ஏழு. 375 ரூபாயைக் காப்பாற்ற 4,850 ரூபாய் போச்சு.

ஜாக்கி மேல் நம்ம ஆட்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு என்பது என் சந்தேகம். 304ல் ஜாக்கிதானே மூத்தவன், 30 பாயிண்ட். ராஜாவுக்கே 3தான். திண்ணையில் அதை ஆடி வளர்ந்த ரத்தம். போக்கரில் அவனுக்கு மேல் மூன்று பேர் இருக்கிறார்கள்.

பையனின் வாதம்: "செக் பண்ணினா ஃப்ரீ கார்டு கொடுத்த மாதிரி ஆகும்ப்பா. ரெய்ஸ் பண்ணாதான் நாம எங்க நிக்கிறோம்னு தெரியும்." இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் தூக்கி வைத்தால் ரெண்டு பத்து, ரெண்டு எட்டு, ஏஸ்-ஒன்பது எல்லாம் ஓடிவிடும். அவர்களிடம்தானே நமக்கு வருமானம்? நிற்பது மூன்று ஏழு, மூன்று நாலு, ராணி ஜோடி, இல்லையென்றால் ஏஸ்-பத்து ரெண்டும் இஸ்பேடாக வைத்துக்கொண்டு பாதிக்குப் பாதி வாய்ப்போடு உட்கார்ந்திருப்பவன். "எங்க நிக்கிறோம்" என்று தெரிந்துகொள்ள அத்தனை பெரிய கட்டணம் கட்டவேண்டுமா?

வீட்டுக்கடனை நாங்கள் மொத்தமாகக் கொடுப்பதில்லை. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று பார்த்துப் பார்த்து விடுவோம். ஏனென்றால் நாம்தான் முதலில் கையை நீட்டுகிறோம், அடுத்து என்ன செய்வது என்பது வாங்கினவன் கையில். போக்கரில் முதலில் பேசுபவன் நிலைமையும் அதேதான். சின்னதாக வை, இல்லை செக் சொல். அவன் 375க்குப் பாதி வைத்தால், நாலில் ஒரு தடவை நீ ஜெயித்தாலே அந்தக் கால் நஷ்டமில்லை. ரெண்டு ஜாக்கி அதைவிட அதிகம் ஜெயிக்கும். இஸ்பேட் விழுந்து அவன் பெரிதாக வைத்தால் எழுந்து போ. சில தடவை ஏமாற்றிவிடுவான், போகட்டும். கையில் மிச்சமே 400, 500தான் என்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது தள்ளிவிட வேண்டியதுதான்.

போன சனிக்கிழமை அவனுக்கு ரெண்டு பத்து, முதல் பேச்சு. நான் பட்டனில். செக் சொன்னான், கால் செய்தான், நாலாவது சீட்டாக ராணி விழுந்ததும் மறுபடி செக். நான் பெரிதாக வைத்தேன், போட்டுவிட்டான். 30 கொட்டையோடு போச்சு. என் கையில் என்ன என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ராணிக்கு இன்னொரு கால் செய்திருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. இருக்கலாம். ஒன்றுமே இல்லை என்று நானும் இன்னும் சொல்லவில்லை.