குழந்தையின் குறட்டையும் தாயின் உறக்கமும்

குழந்தை குறட்டை விட்டால், ‘அசந்து தூங்குகிறான்’ என்று அகமகிழ்வது எம்மவர் வழக்கம். தடிமன் பிடித்த நாளில் எழும் குறட்டைக்குக் கவலை வேண்டியதில்லை. இரவுதோறும் எழுவதோ வேறு. இரண்டு வயது முதல் எட்டு வயது வரையில் தொண்டையிலுள்ள தொன்சிலும், மூக்கின் பின்னே மறைந்திருக்கும் அடினோயிட்டுச் சதையும் பருத்து மூச்சுவழியை நெருக்குவதுண்டு. சில குழந்தைகளுக்குக் குறட்டை திடீரென நிற்கும், மூச்சும் நிற்கும், பின்பு ஒரு திமிறலுடன் மீளும்.

அந்த இடைவெளியில் விழித்திருப்பவள் தாய். குருநகரை எண்ணிப் பாருங்கள். மாலையில் தொழிலுக்குப் போன தந்தை விடியலில்தான் கரை திரும்புவான். இரவெல்லாம் பிள்ளைக்குக் காவல் அவள் ஒருத்தியே. குறட்டை கேட்டால் உறக்கமில்லை. கேளாவிட்டால் அதனினும் உறக்கமில்லை. பொழுது விடிந்ததும் அடுப்பும் பள்ளிக்கூடமும் காத்திருக்கின்றன.

இந்நோயை வைத்தியம் அறியாததன்று. மூச்சுவழி அடைபட்ட குழந்தைகள் வகுப்பில் மந்தமாயிருப்பதை 1889இலேயே இங்கிலாந்தில் வில்லியம் ஹில் எழுதினார். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, உறக்கத்தில் மூச்சடைக்கும் 464 குழந்தைகளை இரு பிரிவாக்கிற்று. உடனே சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 79 பேரின் உறக்கம், ஏழு மாதத்தில் சீரடைந்தது. வெறுமனே பொறுத்திருந்தவர்களிலும் 46 பேருக்குச் சீரடைந்தது! கவனத்திறன் சோதனையில் இரு பிரிவினர்க்கும் பெரிய வேறுபாடில்லை; நடத்தையிலும் வாழ்க்கைத் தரத்திலும் சிகிச்சை பெற்றவரே முன்னேறினர்.

ஆகவே, ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று வைத்தியர் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால், பொறுத்திருப்பவர் யார்? அந்த ஏழு மாதமும் தாயின் இரவுகளிலிருந்தே கழிகின்றன. குழந்தையின் தொண்டையைப் பார்க்கும் வைத்தியர், “அம்மா, இரவில் நீங்கள் எத்தனை முறை எழும்புகிறீர்கள்?” என்றும் கேட்டல் வேண்டும். அவ்விடையும் தீர்மானத்தில் சேர வேண்டிய கணக்கே. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தாயின் உறக்கத்துக்கோ எவரும் விலை குறித்ததில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே நிம்மதி வந்துவிடாது. ஏறத்தாழ இரண்டு வாரம் தொண்டை நோகும். இரத்தக் கசிவு உண்டா என்று பார்த்திருக்கவும் வேண்டும். அதன் பின்னர் குழந்தை ஓசையின்றி உறங்கும்போதும், பழகிப்போன தாயின் செவி அடங்க நாட்செல்லும். அந்நாட்களில் அம்மம்மாவோ சின்னம்மாவோ பிள்ளையருகே படுத்துக்கொண்டால், அவள் அடுத்த அறையில் சில இரவுகளேனும் கண்ணயரலாம்.